முப்பத்தோராம் பக்கம்

ஜெனிஸ்ரா,

அருள்நேசனின் கதையை நீ அவனுக்குத் தெரியாமல் இதழிலிருந்து முழுதாக வெட்டினாய். இடமில்லை என்று சொல்லாதே. அது வரவேண்டிய முப்பத்தோராம் பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் இருக்கிறது.

நம் இதழ் தொடங்கியபோது பல்கலைக்கழகம் காகிதம்கூடத் தரவில்லை. கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி கன்ரீன் சுவரில் ஒட்டினோம். அப்போது நீதான் விதி போட்டாய்: "வெட்டுறதெண்டா எழுதின ஆளை முன்னால இருத்தி, முழுசா வாசிச்சுக் காட்டிப்போட்டுத்தான் வெட்டோணும்." போட்டோப்பிரதியாக வளர்ந்த பிறகும் அதைக் காத்தோம். என் கதையையும் நீ அப்படித்தான் வெட்டினாய். அழுதேன், ஆனால் அடுத்த இதழுக்கு எழுதினேன்.

இது பத்தாவது இதழ், முதல் தடவையாக அச்சில். முதலாம் வருடப் பொடியன் அருள்நேசன், வெளியீட்டுக்குத் தாயையும் கூட்டிவந்து பக்கம் பக்கமாகத் தேடினான்.

"அக்கா, என் கதை நல்லா இல்லீங்களா?"

தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்தவனின் பேச்சு அது. நீ சிரித்தாய். "டேய் கேம்ப், படத்தில கதைக்கிற மாதிரியே கதைக்கிறாய்!"

அவன் கதையே அந்தப் பட்டப்பெயரைப் பற்றியதுதான். வைத்தவள் நீ. கூடச் சிரித்தவள் நான். அதுவும் கதையில் இருந்தது.

விடுமுறை முடிந்தாலும் வகுப்புக்கு வரமாட்டானாம். அடம்பனில் அவன் வீட்டுக்குப் போனேன். "அந்த அக்கா முழுசா வாசிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டான். உன்னிடமே கேட்க அழைத்தேன். என் அழைப்புகளையும் நீ எடுப்பதில்லை.

கையெழுத்துப் பிரதியை இதனுடன் வைத்திருக்கிறேன். உன் ஊர் தலைமன்னாரில் பஸ் ஏறி அடம்பனுக்கு வா. அவன் முன்னால் உட்கார்ந்து, தாய்க்கும் கேட்கும்படி முழுவதையும் வாசி.

எந்த நாள் வருகிறாய்?

கொண்டச்சியிலிருந்து,
உன்னோடு அந்தச் சுவரில் பசை பூசியவள்