சந்துப் பக்கத்து ஜன்னல்

அன்புள்ள சின்னுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. உன் நலம் எப்படி என்பது உன் கடிதத்திலேயே இருந்துவிட்டதால், அதை மறுபடி கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. நான் இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. ஆபரேஷன் முடிந்தது, வயிற்றின் ஓரமாக ஒரு பை பொருத்திவிட்டார்கள், இனி மலம் அதில்தான் சேரும், ஆயுசுக்கும் அப்படித்தான் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, "அண்ணா, நீ வராதே. எனக்கே என்னைப் பார்த்தா அருவருப்பா இருக்கு. உன் மூக்கு எனக்குத் தெரியும். நீ மூஞ்சியைச் சுளிக்கிறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை" என்று இருந்தது. உன் மருமகள் ஓரத்தில் தனியாகச் சேர்த்திருந்தாள்: அத்தை அறையைவிட்டு வெளியே வருவதே இல்லை மாமா, சாப்பாட்டைக்கூடக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்கிறார்கள் என்று.

நான் உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் அல்ல. நீ சொன்னது உண்மை என்பதுதான். பேருந்தில் பக்கத்து இருக்கைக் குழந்தை வாந்தி எடுத்ததற்காகப் பாதி வழியில் இறங்கி வீடுவரை நடந்து வந்தவன் நான். பணி ஓய்வு பெறும்வரை கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். ஆனாலும் அழுகிய முட்டைபோல நாறும் அந்த ஒரு வாயுவைத் தயாரித்துக் காட்டவேண்டிய நாளில், வகுப்பை ஆய்வக உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு நூலகத்துக்கு ஓடிவிடுவேன். இந்தக் குடியிருப்பில் எனக்குப் பெயர் 'கைக்குட்டை சார்'. எனக்கு எதிரில்தான் 'சார்'. நான் திரும்பியதும் வெறும் கைக்குட்டை.

அப்படிப்பட்டவன் வருகிறேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அதனால் இங்கே நடந்த ஒன்றை வரிசையாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீயே முடிவு செய்.

என் சமையலறைக்குப் பின்னால் ஒரு சந்து இருப்பது உனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்துக்கும் எதிர்க் கட்டடத்துக்கும் நடுவில், இரண்டு பேர் ஒன்றாக நடக்கமுடியாத அகலம். காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று விட்ட இடம். வருவதோ வேறு. இங்கே லிஃப்ட் கிடையாது, குப்பைத்தொட்டி தெருமுனையில் இருக்கிறது. அதனால் மேல்மாடிக்காரர்கள் எல்லோருக்கும் இந்தச் சந்துதான் தொட்டி. ஊசிப்போன சோறு, சீப்பிலிருந்து உருவிய முடிக்கற்றை, சவரம் செய்த பிளேடு, சுருட்டிய குழந்தைத் துணி, அதற்குள் இருப்பதும் சேர்த்து. ஒருமுறை ஒரு தலையணை விழுந்தது. மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடி ஊறி, கடைசியில் அதிலிருந்து ஏதோ முளைக்கவே ஆரம்பித்துவிட்டது. குளித்து, சலவைச் சட்டை போட்டு, வாசலில் பார்த்தால் வணக்கம் சொல்கிற மனிதர்கள்தான் இதைச் செய்கிறார்கள். ஒவ்வொரு வணக்கத்துக்கும் எனக்குக் குமட்டும். ஆனால் பதில் வணக்கம் சொல்லிவிடுவேன். என் வீரம் அவ்வளவுதான். அந்தப் பக்கத்து ஜன்னலை உன் அண்ணி போனபிறகு அறைந்து சாத்தி, இடுக்கில் செய்தித்தாள் திணித்துவிட்டேன்.

எதிர்க் கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறாள். கணவர் பேருந்து ஓட்டியவர். விபத்தில் முதுகெலும்பு போய், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுக்கையில் இருக்கிறார். முன்னறையில் மெஷினும், வந்து போகிறவர்களும். ஆகவே டிரைவருக்கு உள்ளறை, சந்தைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் கட்டில். மேலே பார்த்தால் ஒரு துண்டு வானம், கீழே பார்த்தால் நான் சொன்னதெல்லாம். ஒருநாள் அவருக்குக் கடையில் மருந்து வாங்கிக் கொடுக்கப் போனபோது, நாற்றத்தில் எப்படிப் படுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "மேல இருந்து விழுந்துக்கிட்டேதானே சார் இருக்கு, ஒரு நாளாவது உருப்படியா ஏதாவது விழாதான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

போன மாதம் குடியிருப்போர் கூட்டத்தில் செயலாளர் ஒரு தீர்வு சொன்னார். கீழ்வீடுகளின் சந்துப் பக்கத்து ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவது. கீழே இருப்பவர்களுக்கு நாற்றம் வராது, மேலே இருப்பவர்களுக்குப் பேச்சு வராது. எல்லோரும் கைதட்டினார்கள். "கீழ்வீட்டுக்காரர் நீங்க, உங்களுக்குச் சம்மதம்தானே சார்?" என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். சின்னு, பயத்தில் ஆட்டியதாக நினைக்காதே. சந்தோஷமாகவே ஆட்டினேன். சுவர் வந்துவிட்டால் மூக்குக்கு விடுதலை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் தையல்காரம்மா என் வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் அளவுநாடா தொங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சரின்னுட்டீங்களாமே சார். உங்களுக்கு அது மூக்குப் பிரச்னை. எங்க வீட்டுக்காரருக்கு வெளியன்னு இருக்கிறதே அந்த ஜன்னல் ஒண்ணுதான்" என்றாள். அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருப்பேன். திரும்பிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

மேல்வீட்டுக்காரர்கள்மேல் எனக்கு இருந்த அருவருப்பெல்லாம் அன்று திரும்பி என்மேல் விழுந்தது. குப்பையை ஒருவன் ஜன்னலுக்கு வெளியே போடுகிறான். நான் ஒரு மனிதனையே ஜன்னலுக்கு உள்ளே போட்டு அடைக்கத் தலையாட்டிவிட்டேன்.

செயலாளரிடம் போய்ப் பேசும் துணிச்சல் வரவில்லை. பேச முடியாதவன் கூட்டவாவது செய்யலாம் என்று நினைத்தேன். சந்து சுத்தமானால் சுவருக்குத் தேவை இருக்காது அல்லவா? கையுறை, நீளமான துடைப்பம், தைலம் தெளித்த கைக்குட்டை என்று முறையாகத் தயாராகி, துருப்பிடித்த பின்கதவைத் திறந்தேன். முதல் வாரலிலேயே அந்தத் தலையணை வந்தது. அடியில் புழு. அங்கேயே வாந்தி எடுத்துவிட்டேன். எதிர் ஜன்னலிலிருந்து டிரைவர், "ஓரமா எடுங்க சார், அதையும் நீங்கதான் அள்ளணும்" என்றார். எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. ஓரமாகப் போனேன்.

தினமும் காலையில் அள்ளினேன். நான் அள்ள அள்ள இவர்கள் திருந்துவார்கள் என்று நினைத்தது என் படிப்பின் மடத்தனம். குப்பை அதிகமானது. கூட்டுவதற்கு ஆள் வந்தாயிற்று என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூன்றாம் மாடிப் பெண் தலையை நீட்டி, "தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டு ஒரு பையைப் போட்டாள். நானும் தள்ளி நின்றேன்! செயலாளரோ, "சார் ஆசைப்பட்டுச் செய்யறார், செய்யட்டுமே. கொத்தனார் வர்ற ஞாயித்துக்கிழமை வரட்டும்" என்றாராம்.

அந்தக் குப்பையில் ஒரு விஷயம் கவனித்தேன். மிச்சச் சோற்றோடு கரண்டி விழுகிறது, தட்டைக் கவிழ்க்கும் அவசரத்தில் கிண்ணமூடி விழுகிறது, குழந்தையின் காலுறை ஒன்று விழுகிறது. பாவம், தேடுவார்களே என்று தோன்றியது. கரண்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, தட்டில் வைத்து, மேலே வெள்ளைக் கைக்குட்டை மூடி, இரண்டாம் மாடிக்கு எடுத்துப்போனேன். கைப்பிடியில் அந்த வீட்டு எழுத்து வெட்டியிருந்தது. "அம்மா, உங்க கரண்டி சாப்பாட்டோட சேர்ந்து கீழே வந்துடுச்சு. கழுவித்தான் கொண்டாந்திருக்கேன்" என்றேன். அந்த அம்மாள் கரண்டியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். பிறகு காலுறை, பிறகு மூடி. நான் தட்டோடு படியேறுவதைப் பார்த்தாலே வீடுகளில் தொலைக்காட்சிச் சத்தம் அடங்க ஆரம்பித்தது. எனக்குக் காரணம் விளங்கவில்லை. டிரைவர்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "சார், நீங்க கரண்டியைக் குடுக்கல, சம்மன் குடுக்கறீங்க!"

சத்தியமாக நான் அப்படி நினைத்துச் செய்யவில்லை. அது தெரிந்தபிறகும் நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

மூன்றாம் மாடிப் பெண்ணிடம் காலுறையைக் கொடுத்தபோது அவள் கண் கலங்கிவிட்டது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அத்தனை படி இறங்கித் தெருமுனைக்குப் போக முடியவில்லை தாத்தா என்றாள். அது எனக்குத் தோன்றவே இல்லை பார். பையைக் கயிற்றில் கட்டி இறக்கு, எறியாதே, நான் தெருவுக்குப் போகும்போது எடுத்துப்போகிறேன் என்றேன். மறுநாளே கயிறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் செங்கலோடு வந்துவிட்டார். முதலில் என் ஜன்னல், அப்புறம் டிரைவர் ஜன்னல் என்று ஏற்பாடு. நான் காலையிலேயே செய்தித்தாளை உருவிப்போட்டு ஜன்னலைத் திறந்துவைத்து, நாற்காலியைச் சந்தில் போட்டு, கையில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். செயலாளர் வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு. என் கைக்குட்டை அன்று வீட்டுக்குள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. "என்ன சார் இது, எழுந்திருங்க, சரின்னு சொன்னவர்தானே நீங்க" என்றார். சொன்னது தப்பு, இப்போது இல்லை என்கிறேன் என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். "என்ன சொல்றீங்க, சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து ஒரு பை வந்து என் தோளில் விழுந்து உடைந்தது. பழைய குழம்பு, முட்டை ஓடு, ஈரத் தலைமுடி. காதுக்குள் போய், கழுத்துவழியாகச் சட்டைக்குள் இறங்கியது. செயலாளர் பின்னால் தாவினார். எழுந்து ஓடினால் அந்த நாற்காலியில் சுவர்தான் உட்காரும் என்று தெரிந்தது. ஓடவில்லை. "பார்த்தீங்களா? செங்கல் வைக்கவேண்டியது எந்த ஜன்னல்லன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். இந்த முறை மேல்மாடிவரை கேட்டது.

கொத்தனார் சிரித்துவிட்டுக் கரணையைக் கீழே வைத்தார். மூன்றாம் மாடிப் பெண் வாளியில் தண்ணீரும் துண்டுமாக ஓடிவந்து, மேலே பார்த்துத் திட்டிக்கொண்டே என் தலையைத் துவட்டினாள். அவள் திட்டியதைக் கேட்டு, அது எங்க வீட்டுப் பை இல்லை என்று சொல்ல இரண்டாம் மாடி அம்மாள் இறங்கிவந்தார். எங்க வீட்டுதும் இல்லை என்று இன்னொருவர். இப்படிச் சத்தியம் செய்ய வந்தே சந்து நிறைந்துவிட்டது. போட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அவ்வளவு நாளும் மேலிருந்தே பார்த்த இடத்தில் அன்றுதான் நின்றார்கள். ஒவ்வொரு மூக்காகச் சுளிந்தது. அப்போதுதான் ஜன்னலுக்குள் கட்டிலில் ஒரு மனிதர் இருப்பதைப் பார்த்தார்கள். டிரைவர் கையைக் கூப்பி, "வாங்க, வாங்க. இத்தனை நாளா மேல இருந்து சாமான்தான் வந்துச்சு. இன்னிக்கித்தான் ஆள் வந்திருக்கு" என்றார். செயலாளர் கொத்தனாரிடம் போய், செங்கலைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். இப்போது கயிறுகள் கூடியிருக்கின்றன, கீழே போகிறவர்கள் ஆளுக்கொரு பையை எடுத்துப்போகிறார்கள். நேற்றும் ஈரமாக ஏதோ விழுந்தது. என்ன என்று சொன்னால் நீ சாப்பிடமாட்டாய். ஒரு மாதத்தில் பழையபடி ஆகலாம். எனக்கு இந்த ஜனங்கள்மேல் இன்னும் அருவருப்புதான். அந்த அருவருப்புதான் காலையில் என்னை எழுப்பிவிடுகிறது.

நான் எழுத வந்தது இது அல்ல. போன வாரம் தையல்காரம்மா தைத்த துணி கொடுக்க வெளியே போயிருந்தாள். டிரைவர் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். அவருக்குச் சிறுநீர் ஒரு பையில் இறங்குகிறது. அது நிரம்பிவிட்டது. "வேற யாரையாவது கூப்பிடுங்க சார், உங்களால முடியாது" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்தில் அத்தனை கேலி பேசியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. போய்ப் பையைக் கழற்றிக் கழிப்பறையில் கொட்டிக் கழுவி மாட்டினேன். அருவருப்பு வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வந்தது, கொஞ்ச நேரம் நின்றது. கை அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. முடிந்தபோது அது ஒரு பை, சின்னு. அவ்வளவுதான். கையைக் கழுவிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அவர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றேன்.

பள்ளிக்கூடத்தில் என் கைக்குட்டையைப் பிடுங்கிக் கேலி செய்தவனை நீ அடித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? என்னைவிடச் சின்னவள், சடை அவிழ, ஸ்லேட்டால் அடித்தாய். அந்தச் சின்னு கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ரயிலேறுகிறேன். டிரைவர் ஜன்னலோரக் குப்பையை நான் திரும்பும்வரை மூன்றாம் மாடிப் பெண் பார்த்துக்கொள்வாள். நீ சொல்லிவிட்டாய் என்பதற்காக வராமல் இருக்கமாட்டேன். நான் முகத்தைச் சுளித்தாலும் சுளிப்பேன், அறுபது வருஷப் பழக்கம், சட்டென்று போகாது. சுளித்துக்கொண்டே உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கைக்குட்டையைக் கொடியிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.

நீ நீடூழி நன்றாக இருக்கவேண்டும், அம்மா. மருமகளிடம் சொல்லி அறையின் ஜன்னலை மட்டும் திறந்துவைக்கச் சொல். கதவை நான் வந்து தட்டிக்கொள்கிறேன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அண்ணன்