ஜெனீவாவிலிருந்து லண்டனுக்கு முக்கால் மணி

கிட்வாய் நகர்,
புது தில்லி,
14-1-1979

அன்பு மகள் வள்ளிக்கு,

அப்பா எழுதுவது. இன்று பொங்கல். பால் பொங்கும்போது ‘பொங்கலோ பொங்கல்’ சொல்ல நான் ஒருவன்தான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் எட்டிப்பார்த்து, “க்யா ஹுவா, பாயி சாப்?” என்று, என்ன ஆயிற்றோ என்று பதறி விசாரித்தாள்.

உன் அண்ணன் மாணிக்கத்துக்குப் பெண் பிறந்து ஒன்றரை மாதமாகிறது. உன் அம்மா பெயரைத்தான் வைக்கப்போகிறான். நம் வழக்கப்படி அத்தைதான் தொட்டிலில் போட்டுக் காதில் பெயர் சொல்ல வேண்டும். நீ வரும்வரை தொட்டில் காலியாகவே இருக்கட்டும் என்று லண்டனிலிருந்து எழுதியிருக்கிறான்.

மாடிவீட்டு ஏகாம்பரம் விமான டிக்கெட் ஆபீஸில் இருக்கிறார் அல்லவா, அவரிடம் நேர அட்டவணை வாங்கிப் பார்த்தேன். ஜெனீவாவில் பத்துக்குக் கிளம்பினால் பத்தே முக்காலுக்கு லண்டன். லண்டனில் பத்துக்குக் கிளம்புகிறவன் ஜெனீவா போய்ச்சேரப் பன்னிரண்டரை. உனக்கு முக்கால் மணி, அவனுக்கு இரண்டரை மணி. யாருக்கு வழி கிட்டமோ அவர்தான் முதலில் போவது. ஆகவே நீதான் போக வேண்டும். ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்.

அப்பா,
நல்லசிவம்

*

ஜெனீவா,
24-1-1979

அன்புள்ள அப்பாவுக்கு,

வள்ளியின் வணக்கம். உங்கள் தீர்ப்பைப் படித்து இவர் விழுந்து விழுந்து சிரித்தார். லண்டன் கடிகாரம் எங்களுக்கு ஒரு மணி பின்னால் ஓடுகிறது, அப்பா. போனாலும் வந்தாலும் ஒன்றரை, ஒன்றே முக்கால் மணிதான். தூரம் எழுநூற்றைம்பது கிலோமீட்டர். அம்மாவோடு ரயிலில் காசிக்குப் போனோமே, ஏறக்குறைய அவ்வளவு.

தூரமா என்னைத் தடுக்கிறது? அம்மா போனபோது நான் ஓடிவந்தேன். அவனிடமிருந்து தந்திதான் வந்தது. மகன் இருக்க, யமுனைக்கரையில் நீங்களே கொள்ளி வைத்தீர்கள். அவன் வீட்டுத் தொட்டிலை நான் தொடமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வள்ளி

*

புது தில்லி,
4-2-1979

அன்பு வள்ளி,

கடிகாரக் கணக்கு புரிந்தது. ஏகாம்பரமும் சிரித்துவிட்டார். நான் கேஸில் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

இன்று ஞாயிறு. வெயிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கண்ணயர்ந்தேன். கனவில் நீ விமானத்தில் போகிறாய். ஜன்னலோரம் உன் அம்மா. கீழே மேகமெல்லாம் வெள்ளைவெளேரென்று கிடக்கிறது. “இறங்க வேண்டாம், இன்னும் கொஞ்சம் போகட்டும்” என்கிறாள். விழித்தபோது வேர்க்கடலை விற்கிறவன் ‘மூங்பலி’ என்று கூவிக்கொண்டிருந்தான். பாவம், அவள் ஒருநாளும் விமானம் ஏறியதில்லை.

எனக்கு இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான், வள்ளி. அவன் செய்தியை உனக்கும் உன் செய்தியை அவனுக்கும் எழுதியெழுதி எனக்கு அலுத்துவிட்டது. எனக்குப் பிறகு யார் எழுதுவார்கள்? இனி வற்புறுத்தமாட்டேன்.

அப்பா

*

லண்டன்,
19-2-1979

அன்புள்ள அப்பா,

மேலே உள்ள ஊரைப் பார்த்துவிட்டீர்களா?

விமானத்தில் அண்ணனைக் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். வெளியே ஒரே வெண்மை. நடுவில் எங்கேயோ அம்மா ஞாபகம் வந்து, அடுக்கியதெல்லாம் கலைந்துபோயிற்று. திரும்ப ஆரம்பிப்பதற்குள் பெல்ட் போடச் சொல்லிவிட்டார்கள். ஒரு சண்டைக்குக்கூடப் போதாத தூரம், அப்பா.

ஏர்போர்ட்டுக்கு வந்திருந்த அண்ணன் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வீட்டில், அண்ணி குழந்தையை என் கையில் கொடுத்தாள். தொட்டிலில் போட்டு, “தாயம்மா, தாயம்மா, தாயம்மா” என்று காதில் சொன்னேன். குழந்தை கொட்டாவி விட்டது. அண்ணன் சட்டென்று சமையலறைக்குப் போய்விட்டான். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதுகொண்டிருந்தான்.

“அன்னிக்கு ஏர்போர்ட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன், வள்ளி. அம்மாவ அப்படிப் பாக்கத் தைரியம் வரல” என்றான்.

நான் குழாயை மூடினேன். அழுகிறவன் சத்தமாகவே அழட்டும் என்று பக்கத்தில் நின்றேன். ஊர் திரும்பும் டிக்கெட்டை அடுத்த வாரத்துக்கு மாற்றியாயிற்று.

வள்ளி