எட்டுப் பந்தும் நேராகப் போகின்றன

தம்பானூர்,
திருவனந்தபுரம்.
ஜூன் 14

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு நாச்சியார் எழுதிக்கொள்வது.

நானும் நம் மகள் அனுஷாவும் உயிரோடு இருக்கிறோம். போனில் அனுப்புவதை நீங்கள் பார்ப்பதில்லை என்று தெரிந்துவிட்டதால், நீங்கள் அனுப்பிய பந்துப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த உங்கள் கிளப் முகவரிக்கு இதை எழுதுகிறேன். கவர் கையில் வந்தால் பிரித்துத்தானே ஆக வேண்டும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. நான் வேலை பார்க்கும் லாட்ஜில் விரிப்புகள் காயவில்லை. நானும் கூட வேலை செய்யும் சரோஜம் அக்காவும் ஃபேனுக்கு அடியில் கயிறு கட்டிப் போடுகிறோம், மேனேஜர் முகத்தைச் சுளிக்கிறார். அனுஷா பிளஸ் டூ போகிறாள். உங்களைப் பற்றி இப்போது பேசுவதே இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்த எட்டுப் பந்துகளையும் சின்ன வெள்ளைப் பந்தையும் அனுப்பியபோது என்ன சொன்னீர்கள்? நியூசிலாந்தில் நீங்கள் புல் வெட்டுகிற கிளப்பில் வயசானவர்கள்கூட இதை ஆடுகிறார்கள், நம் பக்கம் ஒருவருக்கும் தெரியாது, வெள்ளைப் பந்தை உருட்டிவிட்டு மற்றதை அதன் பக்கத்தில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் என்றீர்கள். தரையைத் தயார் செய், பிள்ளைகளைச் சேர், நான் வந்து சொல்லிக் கொடுக்கிறேன், இனி வெளிநாடே வேண்டாம் என்றீர்கள். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இறங்கினேன். எனக்குப் பந்தா முக்கியம்?

அனுஷாவின் ஹெட்மிஸ்ட்ரஸிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பள்ளியின் பின்பக்க இடத்தை வாங்கினேன். புல் நட்டேன். விழிஞ்ஞம் பக்கம் ரோட்டு வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர் ஆட்களிடம் கை ரோலரை இரவல் வாங்கி, ஞாயிறுதோறும் நானும் சரோஜம் அக்காவும் இழுத்தோம். ஆட்டோக்காரர்கள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இது எந்து களியா சேச்சீ, தேங்ங உருட்டலோ?" என்று, ஏதோ தேங்காய் உருட்டுகிற விளையாட்டு மாதிரிக் கேட்டுச் சிரித்தார்கள்.

பந்து எதுவும் நேராகப் போகவில்லை. எப்படி உருட்டினாலும் கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. வழியில் அடிபட்டுக் கோணிவிட்டது என்று நினைத்தேன். உங்களைக் கேட்க ஐந்து தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. கரமனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் வீரபாண்டி அண்ணனிடம் கொண்டுபோனேன். சுழலவிட்டுப் பார்த்தவர், ஒரு பக்கம் பருமன் கூடுதலாக இருக்கிறது தங்கச்சி, சரி பண்ணிவிடலாம் என்று எட்டையும் கடைந்து கொடுத்தார். அப்புறம் கோடு போட்டதுபோல ஓடின. அனுஷா துள்ளிக் குதித்தாள்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் தான் ஆடுவதை வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பினாள். எண்பது வீடியோவாவது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் "அருமை" என்று பதில் வந்தது. அதைத் தோழிகளிடம் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

போன மாதம் இதே ஆட்டத்துக்கு மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வுக்கு வந்த ஸ்ரீகண்டன் சார் தாங்கள் கொண்டுவந்த பந்தைக் கொடுத்தார். பழகியபடி அனுஷா நேராக உருட்டினாள். பன்னிரண்டு தடவை உருட்டியதில் ஒன்றுகூட வெள்ளைப் பந்தின் பக்கம் போகவில்லை. பிறகு எங்கள் பந்தை வாங்கித் தடவிப் பார்த்தவர், இதை யார் கடைந்தது என்று கேட்டார். வளைந்து ஓடுவதற்காகவே பந்தை ஒரு பக்கம் பருமனாகச் செய்கிறார்களாம். விலகிப் போவதுபோலப் போய், கடைசியில் திரும்பி வந்து பக்கத்தில் நிற்பதுதான் ஆட்டமே என்றார். அவளை எடுக்கவில்லை.

தப்பு என்னுடையது. தெரியாமல் செய்தேன். ஆனால் அத்தான், நீங்கள் ஆறு வருஷமாக அந்தப் புல்லிலேயே நிற்கிறவர். ஒரே ஒரு வீடியோவைத் திறந்திருந்தால், பந்து ஏன் நேராகப் போகிறது என்று கேட்டிருப்பீர்கள். பஸ்ஸில் திரும்பும்போது அனுஷா அழவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே ஒன்றுதான் சொன்னாள்: "அப்பா ஒண்ணுகூட பாத்திட்டில்லம்மா."

அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சரியான பந்தில் பழகி அடுத்த வருஷம் வரச் சொன்னார் சார். அவள் பந்துகளைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். நான் தரையை விடவில்லை, மழை விட்டதும் புல்லை வெட்ட வேண்டும்.

அங்கே இது குளிர்காலமாமே. உங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, கழுத்தைச் சுற்றி ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். எப்போது வருகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். வரவில்லை என்றாலும் எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். "அருமை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாச்சியார்