நெயில் பாலிஷ் வைத்த பட்டன்

நேற்று மத்தியானம் உன் தங்கச்சி படாளத்துக்கு, எங்கள் பார்சல் ஆபீசுக்கு வந்திருந்தாள். புதுப்பட்டினத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கட்டைப்பையிலிருந்து உன் கீபோர்டை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். "வூட்ல யாருக்கும் இத்த வச்சி இன்னா பண்றதுன்னே தெர்லண்ணா. நீங்களே வச்சிக்கோங்க" என்றாள். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், பில் போட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் அதைச் செருகினேன். வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான், வேறு எண்ணமில்லை.

மேல்வரிசையில் ஒரு பட்டனுக்கு மட்டும் அவள் வைத்துக்கொடுத்த சிவப்பு நெயில் பாலிஷ் பாதி தேய்ந்து இன்னும் இருந்தது. தட்டினேன். பில்லில் 'பெறுபவர்' என்ற கட்டத்துக்குள், ஆங்கில எழுத்தில் நம் தமிழ் கடகடவென்று ஓடியது: "நான் கீறேன் மச்சான். நீ அடி." அதன் பின்னாலேயே 1, 3, 3, 5. திருச்சிக்குப் போகவேண்டிய மோட்டார் பம்புக்கு நீ சொந்தக்காரனாகிவிட்டாய். சிரிக்கவேண்டிய விஷயம்தான். எனக்கு அந்த வரியை அழிக்க மனம் வரவில்லை.

வேறு யாராவது பார்த்திருந்தால் தப்பாக அடித்த எண்கள் என்று நினைத்திருப்பார்கள். நாம் ஆடிய கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒன்று, எனக்குக் கவசம். மூன்று, மருந்து. மறுபடியும் மருந்து. ஐந்து, எல்லோருக்கும் சேர்த்து மருந்து. நாலு தடவை தட்டிச் செய்யவேண்டிய வேலையை ஒரே பட்டனில் அடைத்து, கூடவே எனக்கு ஒரு தைரிய வார்த்தையும் சேர்த்து வைத்திருந்தாய். மேக்ரோ என்பார்கள். கீபோர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும், எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் வரும்.

நம் முதல் சண்டையே அதனால்தானே. அந்த விளையாட்டில் ஐந்து பேர் சேர்ந்து குகைக்குள் போய் ஒரு பெரிய மிருகத்தை வீழ்த்தவேண்டும். நான் கேடயம் தாங்கி முன்னால் நின்று அடி வாங்குகிறவன். மூன்று பேர் பின்னாலிருந்து தாக்குவார்கள். எங்கள் நாலு பேரையும் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது உன் வேலை. டீமுக்குத் தலைவன் நான். பகலில் டிரைவர்களை விரட்டுகிற அதே வாயால் உங்களையும் விரட்டுவேன். உன் மருந்து நொடி பிசகாமல் வருவதைப் பார்த்துவிட்டு, "மிஷினு வச்சி ஆடறியாடா? இது போங்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். "செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டாண்ட வா, காட்றேன்" என்று பதில் போட்டாய்.

சட்டையை மடித்துக்கொண்டு, கைகலப்புக்குத் தயாராகத்தான் வந்தேன். நீ டயாலிசிஸ் முடித்து, இடது கையில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். ஊசி குத்துவதற்காக அந்தக் கையில் ஆபரேஷன் செய்ததிலிருந்து நாலு விரலுக்கு உணர்ச்சி போய்விட்டது என்றாய். "வெரலு ஒண்ணு, வேல நாலு. நீயே சொல்லு மச்சான், இது போங்கா?" நான் ஓடிப்போய் இரண்டு இளநீர் வாங்கிவந்தேன். "இத்த குட்சா நான் காலிடா" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். ஒரு நாளைக்கு அரை லிட்டர் பாட்டில்தான் உன் தண்ணீர்க் கணக்கு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இரண்டு இளநீரையும் நானே குடித்தேன். நான் குடிப்பதை நீ ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்கப்புறம் எனக்கும் ஒரு மேக்ரோ செய்யவைத்தாய். "நீ ஒரு வரி அடிக்கறதுக்குள்ள அஞ்சு பேரும் செத்துடுவோம்" என்று கிண்டல் செய்து, போனில் மெசேஜாகச் சொல்லிச் சொல்லி, என் கீபோர்டில் ஒரு பட்டனைத் தயார் செய்தாய். தலைவன் பட்டன் என்று அதற்குப் பெயரும் நீதான் வைத்தாய். தட்டினால், "இன்னிக்கே. எல்லாரும் ரெடி ஆவுங்க" என்று வரும். வாரத்துக்குப் பத்து தடவையாவது அதைத் தட்டியிருப்பேன்.

பெயருக்குத்தான் நான் தலைவன், மூளை நீ. மிருகத்தை மூலைக்கு இழுக்கச் சொன்னது, மூன்று பேரையும் அதன் முதுகுப் பக்கம் நிற்கச் சொன்னது, நான் எப்போது கேடயத்தைத் தூக்கவேண்டும் என்று எண்ணிக்கை வைத்தது எல்லாம் நீ. திரையின் ஓரத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பச்சைக் கோடு இருக்கும், உயிர் குறையக் குறையக் கோடும் குறையும். "எனக்கு மிருகமே தெரிய வேணாம் மச்சான். உங்க நாலு கோடு தெரிஞ்சா போதும்" என்பாய். என் திரையிலும் அந்தக் கோடுகள் உண்டு, உன்னுடையதும் சேர்த்து. நான் ஒருநாளும் அந்தப் பக்கம் பார்த்ததில்லை.

நாங்கள் நாலு பேரும் மைக்கில் கத்துவோம், நீ எழுத்தில்தான் பேசுவாய். வீட்டு வாசலில் மீன் ஐஸ் பெட்டி இறக்குகிற சத்தம், மைக் போட்டால் காது கிழியும் என்றாய். நம்பினேன். இருமலையும் மூச்சிரைப்பையும் நாங்கள் கேட்கக் கூடாது என்றுதான் அணைத்து வைத்திருந்தாய் என்று பிறகு உன் தங்கச்சி சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். வராமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. கடைசி குகையின் மிருகத்திடம் மூன்று வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். மத்தியானம் இரண்டரைக்கு எல்லோரும் வரவேண்டும் என்று நான்தான் நேரம் குறித்தேன். செவ்வாய், வியாழன், சனி காலையில் உனக்கு டயாலிசிஸ் என்று எனக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் வந்துவிடுவாய் என்பது என் கணக்கு. அன்றைக்கு உன் முறையை மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்பது தெரியாது. எல்லோரும் குகை வாசலில் நிற்கும்போது நீ கேட்டாய்: "நாளிக்கி வச்சிக்கலாமா மச்சான்?" ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கே என்றேன். "நான் கீறேன் மச்சான். நீ அடி" என்றாய். உள்ளே போனோம்.

அன்றைக்கு ஆடியதுபோல் நாம் என்றைக்குமே ஆடியதில்லை. என் கோடு நூலிழைக்கு வந்தபோதெல்லாம் உன் வரி வந்தது, கூடவே மருந்து வந்தது. மிருகம் விழுந்தது. நான் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்து குதித்தேன். அப்போது மறுபடியும் உன் வரி: நான் கீறேன் மச்சான், நீ அடி. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. "அது செத்துப்பூட்ச்சிடா, இன்னும் யார அடிக்கச் சொல்ற?" என்று மைக்கில் கேட்டேன். நாலு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு வரி நின்றுபோனது. நெட் போய்விட்டது என்று நினைத்தோம்.

உன் தலை கீபோர்டின்மேல் சாய்ந்திருந்தது என்று தங்கச்சி சொன்னாள். செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள், பிரயோஜனமில்லை. எனக்கு ஞாயிறு மத்தியானம்தான் சேதி வந்தது. அதுவரை ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு, உன் பங்காகக் கிடைத்த மந்திரக்கோலை உன் பெயருக்கு அனுப்பிவிட்டு, "எடுத்துக்கோடா சோம்பேறி" என்று எழுதியிருந்தேன். யாரும் எடுக்காததால் அது எனக்கே திரும்பி வந்துவிட்டது.

நேற்று அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, நின்றபடியே கேட்டாள். "அன்னிக்கி அண்ணன் எங்களாண்ட ஒண்ணுமே சொல்லலண்ணா. ஆஸ்பத்திரிக்கு அப்பால போய்க்கலாம்னு உக்காந்துகினு இருந்துச்சி. உங்களாண்ட எதாச்சும் சொல்லிச்சா? முடியலன்னு, அப்டி எதாச்சும்?"

"இல்லம்மா. நான் கீறேன்னுதான் சொன்னான்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அம்மா என்னைப் பார்க்கவேண்டும் என்று சொல்வதாகவும், ஒருநாள் வீட்டுக்கு வரும்படியும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். வருகிறேன் என்றேன். எந்த முகத்தோடு போவது என்று நீதான் சொல்லவேண்டும், நீயோ சொல்லமாட்டாய்.

அவள் போனபிறகு போனில் அந்த விளையாட்டின் ஆப்பைத் திறந்து, அன்றைய பேச்சை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் அழியாமல் இருக்கிறது. உன் பெயரில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப, சிவப்புப் பட்டனின் வரி. கையால் நீ அடித்தது ஒன்றே ஒன்று. நாளிக்கி வச்சிக்கலாமா மச்சான். அதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது, ஓர் எழுத்து இரண்டு தடவை விழுந்திருக்கிறது. வலது கையை மவுசிலிருந்து எடுத்து, ஒற்றை விரலால், மூச்சு வாங்கிக்கொண்டே தேடித் தேடி அடித்திருக்கிறாய்.

அதற்கு நேர்கீழே என் பதில் இருக்கிறது. "இன்னிக்கே. எல்லாரும் ரெடி ஆவுங்க." ஓர் எழுத்தும் பிசகவில்லை. நீ செய்துகொடுத்த பட்டனைத்தான் தட்டியிருக்கிறேன்.