கொரியா காரும் விடுபட்ட ஓர் ஆண்டும்

பிப்ரவரி 9

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

சர்வே ஆபீஸில் உங்கள் படிவங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவள் எழுதுகிறேன். இருபத்தோரு வருடம் கழித்து நலம் விசாரிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் முகவரியை நம் பழைய டைப்பிஸ்ட் கொடுத்தார். மகன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடுவதில்லை என்றும் சொன்னார்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மகள் படித்து முடித்து வேலைக்குப் போகிறாள். என் கணவருக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டினால், வேறு யாருடையதையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்கிறார். நான் இப்போது ஆய்வுப் பிரிவின் தலைவி. நாற்காலி பெரிதாகியிருக்கிறது. அந்த ஜன்னல் மட்டும் இன்னும் சரியாக மூடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கார் சர்வே தொடங்கி இருபத்தைந்து வருடம் ஆவதால் ஆபீஸில் ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். கொரியா காரைப் பற்றி வாங்குபவர்களின் எண்ணம் எப்படி மாறியது என்ற கட்டுரையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் கொரியா கார் என்றாலே சிரிப்பு வரும். என் கணவரின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரின் கொரியா காரை விரலால் சுண்டிப் பார்த்து, "இதை உருக்கினா எத்தனை பவுடர் டப்பா தேறும்?" என்பார். அவரே இப்போது இரண்டாவது கொரியா கார் வாங்கியிருக்கிறார். கேட்டால், தான் அப்போதே சொன்னதாகச் சொல்கிறார். மலரில் பேட்டி போடலாமா என்று வேறு கேட்டார்.

கட்டுரைக்காக இரண்டு கோடுகள் வரைந்தேன். ஒன்று, கார் வாங்கிய மூன்று மாதத்துக்குள் நூறு காருக்கு எத்தனை குறை சொன்னார்கள் என்பது. இன்னொன்று, இந்தக் காரை வாங்கும்படி நண்பருக்குச் சொல்வீர்களா என்பது. குறைகளின் கோடு இறங்கிப் பல வருடம் ஆன பிறகுதான் இரண்டாவது கோடு மெல்ல எழுந்திருக்கிறது. இடைப்பட்ட வருடங்களின் படிவங்களைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். ஒரு குறையும் இல்லை என்று எழுதிய அதே கை, கீழே "அடுத்த முறை வேறு கார்தான்" என்று எழுதியிருக்கும். ஒருவர், "குறை எதுவும் இல்லை. ஆனால் வரும்" என்று எழுதியிருக்கிறார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாயில்லை, அக்கா. முதல் கோட்டில் ஓரிடத்தில் ஓட்டை இருக்கிறது. அந்த ஆண்டுக்கு மேலே ஒரு நட்சத்திரக் குறி. அடியில், "களப்பணி நம்பத்தகுந்ததாக இல்லாததால் இவ்வாண்டின் விவரங்கள் விடப்பட்டன" என்று ஒரு வரி. இருபத்தோரு வருடமாக எல்லா அறிக்கைகளிலும் அந்த வரி அச்சாகி வருகிறது. அந்த ஆண்டுதான் நீங்கள் வேலையை விட்டுப் போனீர்கள். அந்த வரியை எழுதியவள் நான்.

அந்த ஆண்டு கொரியா கார் வைத்திருந்தவர்களிடம் போனவர் நீங்கள் மட்டும்தான். நீங்கள் வீடு வீடாகப் போய் நிரப்பிக் கொண்டுவந்த அறுபத்துநான்கு படிவங்களில், முந்தைய ஆண்டின் குறைகளில் பாதிகூட இல்லை. நான் கட்டின் மேல் சிவப்புப் பேனாவால் "வீட்டில் உட்கார்ந்து நிரப்பியது" என்று எழுதினேன். சந்தேகம் வந்தால் அந்தக் கட்டிலிருந்து பத்துப் பேரைப் போனில் அழைத்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. பத்துக் கட்டங்களிலும் "அழைத்தேன், எடுக்கவில்லை" என்று குறித்தேன்.

நான் ஒருவரையும் அழைக்கவில்லை.

மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். காய்ச்சல் வந்தது அடுத்த மாதம். எனக்கு நேரமும் இருந்தது, போனும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விடை எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துவிட்டேன். கொரியா கார் இவ்வளவு நன்றாக இருக்க முடியாது, ஆகவே பொய் சொல்வது நீங்கள்தான். இது புள்ளியியலில் பதக்கம் வாங்கியவள் போட்ட கணக்கு.

மேலதிகாரி உங்களைக் கூப்பிட்டு, அந்தப் பத்துப் பெயர்களையும் வாசித்து விசாரித்தபோது நானும் அந்த அறையில் இருந்தேன். "நான் பார்த்ததைத்தான் எழுதினேன் சார்" என்று ஒரு முறை சொன்னீர்கள். இரண்டாம் முறை சொல்லவில்லை. நான்கு நாளில் ராஜினாமா கடிதம் வந்தது.

கட்டுரைக்காக ஸ்டோர் ரூமைக் குடைந்தபோது அந்தக் கட்டு கிடைத்தது. அறுபத்துநான்கு படிவங்களையும் நானே கணினியில் ஏற்றினேன். புள்ளி கோட்டில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்தடுத்த வருடங்களில் எல்லோரும் கண்டதை நீங்கள் முதலிலேயே கண்டிருக்கிறீர்கள். அது போதாதென்று, போன வாரம் அந்தப் பத்து எண்களையும் அழைத்தேன். ஏழு எண்கள் உயிரோடு இல்லை. ஒன்று பல் ஆஸ்பத்திரியாகியிருக்கிறது. அவர்கள் எனக்கு நேரம் ஒதுக்கிவிட்டுத்தான் விட்டார்கள். ஒரு வீட்டில் மகள் எடுத்தார். அப்பா இறந்துவிட்டார், அந்தக் காரில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்றார்.

பத்தாவது எண், டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். வயதாகிவிட்டது, குரல் கணீரென்று இருக்கிறது. உங்களை நன்றாக நினைவு வைத்திருக்கிறார். "அந்த அம்மாவா? கதவுல ஏதாவது சத்தம் வருதான்னு நாலு கதவையும் மாத்தி மாத்திச் சாத்திப் பாத்தாங்க. கதவு உடைஞ்சா அதையும் குறையில எழுதுவீங்களான்னு நானே கேட்டேன்" என்றார். அவருடைய மச்சான் அந்தக் காரைத் தகர டப்பா என்று கேலி செய்தாராம். பதினான்கு வருடம் ஓடியதாம், அதுவும் கற்றுக்குட்டிகள் கையில். இப்போது எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். படிவத்தைச் சரிபார்க்கத்தான் என்றேன். "இருபத்தோரு வருஷம் கழிச்சா? உங்க ஆபீஸ்ல எல்லாரும் ரொம்பச் சுறுசுறுப்பு போல" என்றார்.

இருபதாம் தேதி கட்டுரையை எல்லோர் முன்னிலும் வைக்க வேண்டும். நட்சத்திரத்தை எடுத்துவிடுவேன். ஆனால் அந்தப் படிவங்கள் யாருடையவை என்று உங்கள் பெயரைப் போடுவதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். பெயர் கெட்டது என்னால். திருத்துகிறேன் என்று சொல்லி மறுபடியும் உங்களைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது. திட்டி எழுதினாலும் சரி, எழுதுங்கள்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதக் கூசும்,
உங்கள் பழைய சகா

மார்ச் 2

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கூட்டம் முடிந்த மறுநாள் வந்தது. ஆபீஸில் பிரித்தேன். முதல் பக்கம் முடிந்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மீதியை வீட்டுக்குப் போய்க் குளியலறையில் படித்தேன். என் கணவர் இரண்டு தடவை கதவைத் தட்டினார்.

நான் போன் செய்யவில்லை என்பது உங்களுக்கு அந்த வாரமே தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வீட்டுக்கும் திரும்ப நடந்து போய்க் கேட்டீர்கள், பத்துப் பேரும் "எந்த போனும் வரலையேம்மா" என்றார்கள், அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு மேலதிகாரி அறை வாசல்வரை வந்தீர்கள். உள்ளே அவர் யாரிடமோ என்னைப் பற்றி, "ஆய்வுப் பிரிவுக்குப் பொம்பளைங்க சரிப்பட மாட்டாங்கன்னு சொன்னேன், யார் கேட்டா? அந்தப் பொண்ணு ஒரு தப்பு பண்ணட்டும், அனுப்பிடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் தாளை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டீர்கள்.

"வீட்டுக்குப் போறதுக்கு ஒருத்தி போதும்டி. எனக்குத் தையல் தெரியும். உனக்குக் கணக்கை விட்டா என்ன தெரியும்? ஒழுங்கா ஒரு காபி போடத் தெரியுமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் தெரியாது, அக்கா.

நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. ஒருவர் நல்லது செய்தால், அதில் அவருக்கு என்ன லாபம் என்று முதலில் பார்ப்பேன். உங்கள் கடிதத்தை அப்படியும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். உங்களுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. எனக்குக் கிடைத்தது இந்த ஆபீஸ், மகளின் படிப்பு, நான் வேலைக்கு எடுத்த மூன்று பெண்கள், காலையில் தலை நிமிர்ந்து ஒரு கட்டடத்துக்குள் நுழையும் பழக்கம். இவ்வளவும் என் சாமர்த்தியம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். படிவங்களைச் சரி செய்துகொள், ஆனால் உன் தலையை நீட்டாதே என்று எழுதியிருக்கிறீர்கள். தாமதமாகிவிட்டது. வரைபடத்தைத் திரையில் போட்டபோது, ஓட்டை ஏன் அடைபட்டது என்று ஒருவர் கேட்டார். அந்த ஆண்டின் களப்பணியில் தவறில்லை, சரிபார்த்ததில்தான் தவறு, சரிபார்த்தவள் நான் என்றேன். பத்து அழைப்புகளைப் பற்றியும் சொன்னேன். இப்போதைய டைரக்டர், நல்ல மனிதர்தான், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இதை இப்போ சொல்லித்தான் ஆகணுமா மேடம்?" என்றார். சொல்லியாகிவிட்டதே சார் என்றேன்.

முடிவு இது. பழைய அறிக்கைகள் எல்லாவற்றிலும் அந்த வரி நீக்கப்படும். உங்களுக்கு ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வரும், பதிவுத் தபாலில். வரைவு எழுதியது நான். "வருந்துகிறோம்" என்று நான் எழுதியதை டைரக்டர் "திருத்திக்கொள்கிறோம்" என்று மாற்றினார். நான் திரும்ப மாற்றினேன். அவர் மறுபடி மாற்றினார். நான்காம் நாள் இரண்டும் இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார். வரும் ஆண்டுக்கான சரிபார்ப்புப் பொறுப்பிலிருந்து என்னை விலக்கிவைத்திருக்கிறார்கள். இதற்காக நீங்கள் வருத்தப்படக் கூடாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சொல்லப்போனால் இன்னும் கடுமையாகச் செய்திருப்பேன்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், வேறு மையில், "பேரைப் போடறதா இருந்தா இனிஷியலோட போடு" என்று ஒரு வரி இருந்தது. முழுக் கடிதத்திலும் நீங்கள் எனக்காகக் கேட்காமல் உங்களுக்காகக் கேட்டது அது ஒன்றுதான். இனிஷியலோடு போட்டாயிற்று. "கொரியா கார்களின் தரம் உயர்ந்துவிட்டதை எங்கள் சர்வேயில் முதன்முதலில் பதிவு செய்தவர்" என்று, கட்டுரையின் முதல் பக்கத்திலேயே. அச்சகத்துக்கு நானே போய் ப்ரூஃப் பார்த்துவிட்டு வந்தேன். அச்சுக் கோப்பவர், "இவங்க உங்க அக்காவா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்த இருபத்தோரு வருடத்தில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று நீங்கள் எழுதவில்லை. தையல் கண்ணை வாங்கிவிட்டது என்று டைப்பிஸ்ட் சொன்னார். வேறு எங்கும் சர்வே வேலை கிடைக்காததற்குக் காரணம், உங்களைப் பற்றி விசாரித்தவர்களுக்கு எங்கள் ஆபீஸிலிருந்து போன பதில்கள் என்றும் சொன்னார். இவற்றை நான் திருப்பித் தர முடியாது. தருவேன் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள்.

ஏப்ரலில் எனக்குப் பத்து நாள் விடுப்பு இருக்கிறது. இரண்டாம் சனிக்கிழமை உங்கள் ஊருக்கு வரலாமா என்று நினைக்கிறேன். அங்கே நல்ல கண் டாக்டர் ஒருவரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். மூன்று மாடியும் உங்கள் கையைப் பிடித்து இறக்கி, கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, திரும்ப ஏற்றிவிட்டு வருவேன். அதற்கு மேல் எதுவும் பேச வேண்டியதில்லை. பேசாமல் இருக்க எனக்கு நன்றாகவே தெரியும்.

நன்றி என்று எழுதினேன். அது ரசீதில் அச்சடிக்கிற சொல்லாக இருந்தது. அடித்துவிட்டேன். நீங்கள் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், அக்கா. உங்கள் கண்ணும் காலும் உங்கள் சொல்படி கேட்க வேண்டும்.

வா என்று ஒரு வரி எழுதுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்வேன். சரிபார்க்க மாட்டேன்.

உங்கள் தங்கை