குறட்டைக்குப் பக்கவாத்தியம்

என் ஊட்டுக்காரருக்கு,

வேப்பம்பட்டுல உங்க அண்ணன் ஊட்டுல நல்லா தூக்கம் வருதா? போன் பண்ணா எடுக்க மாட்றீங்க. அதான் கடுதாசி. இது சத்தம் போடாது.

நேத்து எங்க சிப்காட் கம்பெனில பட்டறைன்னு நோட்டீஸ் போட்டிருந்தாங்க. லேத்துப் பட்டறைன்னு நெனச்சுதான் போனேன். பாத்தா, நார்வேலருந்து ஒரு மேளக்காரரு. தகரம், பைப்பு, ஸ்பிரிங்குன்னு ஸ்கிராப்புல கெடக்கறத எல்லாம் தட்டி, அந்த நேரம் மனசுல தோணுறத வாசிக்கிறவரு. "கண்ண மூடி, சுத்தி வர்ற சத்தத்தக் கேளுங்க"ன்னாரு. கேன்டீன்ல சாம்பார் சாதம் சாப்ட்டு வந்த நேரம். கண்ண மூடினேன், அவ்ளோதான்.

முழிச்சா எல்லாரும் எழுந்து நின்னு கைதட்றாங்க.

"அக்கா, நீ வுட்ட கொறட்டைக்குத்தான் அவரு இவ்ளோ நேரம் வாசிச்சாரு"ன்னா பக்கத்துல இருந்த ரத்னா.

"நானா கொறட்டை வுட்டேன்?"

போன்ல போட்டுக் காமிச்சா. யாரோ லாரி ரிவர்ஸ் எடுக்கறாங்கன்னு நெனச்சிட்டேன்.

மேளக்காரருக்கு ஒரே சந்தோஷம். "எப்ப ஏறும், எப்ப நிக்கும்னு கண்டுபுடிக்கவே முடியல. ஊட்ல தெனமும் இதக் கேக்கற புண்ணியவான் யாரு?"ன்னு மொழிபெயர்க்கற பொண்ண வுட்டுக் கேட்டாரு. டீ வந்துடுச்சுன்னு எழுந்துட்டேன்.

ஞாயித்துக்கெழம சாயங்காலம் புதுவாயல் கல்யாண மண்டபத்துல அவரு கச்சேரி. மேடையில பாய் போட்டு என்னப் படுக்கச் சொல்லியிருக்காரு. சரின்னுட்டேன். ஆனா ஒரு பேஜாரு, அவருகிட்ட சொல்லல. நீங்க போனதுலருந்து ராத்திரில எனக்குத் தூக்கமே இல்ல. பக்கத்துல யாராவது பொரண்டு பொரண்டு படுத்து என்னத் திட்டிக்கினே இருந்தாதான் கண்ணு சொக்குது.

முன்வரிசைல எடம் சொல்லி வெச்சிருக்கேன். வந்து கொஞ்சம் திட்டுங்க.

இப்படிக்கு,
உங்க ஊட்டுக்காரி