அடைக்கலம் தருபவன்

தம்பிக்கு,

மகனுக்கு அப்பா பெயரை வைக்கப்போகிறாயாம். "அர்த்தம் ரொம்ப நல்லா இருக்குக்கா" என்று போனில் பூரித்தாய்.

அடைக்கலம் தருபவன். எனக்கும் தெரியும். அவரைப் பெற்றவள் புருஷனிடம் உதை வாங்கியவள். இவனாவது குறுக்கே வந்து நிற்பான் என்று நம்பி வைத்த பெயர். அதற்கு அவர் செய்த மரியாதையைக் கேள். ஒர்க்‌ஷாப் ஸ்பேனரால் அம்மாவின் தாடையை உடைத்தார். அவள் பல்லும் ரத்தமுமாகத் துப்பிக்கொண்டே வாசல்வரை ஊர்ந்தாள். நீ அப்போது கைக்குழந்தை.

நேற்று ஸ்பீக்கரில் பிள்ளையைக் கொஞ்சி அந்தப் பெயரைச் சொன்னாயே, காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். அவர் செத்து எத்தனை வருஷம் ஆகிறது!

வேறு பெயர் வை. அந்தக் கைகள் பேரனைத் தூக்க வேண்டியவை.

உன் அக்கா